ஜமீன் போன பிறகு: தமிழ் இன்னும் எழுதாத நாவல்

தமிழ் வரலாற்று நாவல்களுக்குப் பெரும்பாலும் இரண்டே முடிவுகள். அரசன் அரியணை ஏறுவான். இல்லையென்றால் தூக்குமரத்தை நோக்கி நிமிர்ந்து நடப்பான். பட்டமும் பரிவாரமும் போன மறுநாள் காலையில் எழுந்து, இனி என்ன செய்வது என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த அரசனை நம் நாவலாசிரியர்கள் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இங்கே பஞ்சமா என்றால், கிடையாது. 1949க்குப் பிறகு சென்னை மாகாணம் முழுவதும் அவர்கள் இருந்தார்கள். தேனிப் பக்கத்து மலையடிவாரத்தில் மட்டும் போடிநாயக்கனூர், தேவாரம், கோம்பை, எரசக்கநாயக்கனூர், கண்டமனூர் என்று அடுத்தடுத்துப் பழைய பாளையங்கள். போடியிலிருந்து தேவாரம் போகும் வழியில் மலையைப் பார்த்தபடி இருக்கும் ராசிங்காபுரத்தில் நின்றால், ஒரு பக்கம் அரண்மனையின் பழைய உலகம், இன்னொரு பக்கம் ஏலமலையின் புதிய உலகம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நாவல் எழுதப்படாமல் கிடக்கிறது என்பது என் எண்ணம். அது ஏன் எழுதப்படவில்லை, எழுதினால் எப்படி எழுத வேண்டும் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறேன்.

உலக அளவில் இந்தக் கருவை அண்மையில் பரவலாகக் கொண்டு சென்றது அமெரிக்கரான அமோர் டவுல்ஸ் 2016இல் வெளியிட்ட ‘எ ஜென்டில்மேன் இன் மாஸ்கோ’. ரஷ்யப் பிரபு ரோஸ்டோவ் 1922இல் போல்ஷெவிக் விசாரணைக்கு ஆளாகிறார். மாஸ்கோவின் மெட்ரோபோல் ஓட்டலை விட்டு வெளியே கால் வைத்தால் சுட்டுவிடுவோம் என்பது தீர்ப்பு. மேல்மாடிச் சிற்றறை ஒன்றில் அடைபட்ட அவர், அதே ஓட்டலின் உணவகத்தில் பரிமாறுபவராகி, ஒரு சிறுமியை வளர்த்து ஆளாக்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கேயே வாழ்கிறார். அழகாக எழுதப்பட்ட நாவல்தான். ஆனால் அந்தப் பிரபுவின் பண்பட்ட ரசனைக்கு யாருடைய உழைப்பு விலை கொடுத்தது என்ற கேள்வி ஓட்டல் வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவருடைய நிலத்தை உழுத குடியானவர்களுக்கு அந்தக் கதைக்குள் இடம் குறைவு. நம் மண்ணில் இந்தக் கதையை எழுத வருபவர் இந்த வசதியை எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே ஜமீன்தாரும் குடியானவரும் ஒரே தெருக்கோடியில், ஒரே கோயில் திருவிழாவில், முகத்துக்கு முகம் பார்த்தபடிதான் அடுத்த முப்பது ஆண்டுகளையும் கழித்தார்கள்.

இன்னொரு வேறுபாடு இதைவிடப் பெரியது. ரஷ்யாவில் 1918ஆம் ஆண்டு அரசியலமைப்பு பழைய ஆளும் கூட்டத்தின் பல பிரிவினரிடமிருந்து ஓட்டுரிமையைப் பறித்தது. இங்கே நடந்தது நேர்மாறு. ராமநாதபுரம் சேதுபதி சண்முக ராஜேஸ்வரர் 1952 தேர்தலில் சட்டமன்றத்துக்குத் தேர்வாகி, ராஜாஜி அமைச்சரவையிலும் பிறகு காமராஜர் அமைச்சரவையிலும் அமைச்சராக இருந்தார். நேற்று வரை யாரிடமிருந்து கிஸ்தி வாங்கினார்களோ அவர்களிடமே இன்று ஓட்டுக் கேட்டுப் போனார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். ஒரு நாவலாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? கைகூப்பியபடி சேரிக்குள் நுழையும் முதல் நாள், அந்தக் கைகளைப் பார்க்கும் கிழவியின் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்முடைய புரட்சி துப்பாக்கியோடு வரவில்லை என்பதால் அதைப் புரட்சி என்று ஒப்புக்கொள்ளவே நாம் தயங்குகிறோம். 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தில் வந்த சட்டங்களை ஒன்றாக அடுக்கிப் பார்த்தால் அந்தத் தயக்கம் நிற்காது. ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் நிலங்களில் தீர்வையைக் குறைத்த சட்டம் ஆகியவை 1947இல் வந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்த குறுகிய காலத்தில், கோயில், நிலம், அரண்மனை என்ற மூன்றின் அடித்தளமும் சேர்ந்து அசைந்தது. 1802இல் கம்பெனியார் நிரந்தரத் தீர்வை என்ற பெயரில் கட்டிக்கொடுத்த ஏற்பாடு நூற்றைம்பது ஆண்டு நெருங்கும்போது கெஜட் அறிவிப்பில் கலைந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பே, பிரகாசம் தலைமையிலான குழு 1938இல் கொடுத்த அறிக்கை, நிலம் குடியானவருடையது, ஜமீன்தார் வரி வசூலிப்பவர் மட்டுமே என்று சொல்லிவிட்டது. அரண்மனைகளில் அதைப் படித்தவர்களுக்கு வரப்போவது தெரிந்துதான் இருந்திருக்கும்.

அந்தச் சட்டத்தை நாவலாசிரியர் ஒருவர் பிரிவு பிரிவாகப் படிக்க வேண்டும். அறிவிக்கப்பட்ட நாள் வந்ததும் எஸ்டேட் முழுவதும் அரசுக்குச் சேர்ந்துவிடும். காடு, கண்மாய், புறம்போக்கு எல்லாம் போய்விடும். அரசு நியமித்த மேனேஜர் வந்து கணக்குப் புத்தகங்களைக் கேட்பார். பிறகு செட்டில்மெண்ட் அதிகாரிகள் சங்கிலியோடு வந்து நிலத்தை அளந்து, குடியானவர் பெயரில் பட்டா எழுதுவார்கள். ஜமீன்தாருக்கு அவருடைய பண்ணை நிலத்துக்குப் பட்டா கிடைக்கும்; போனதற்கு நஷ்டஈடும் உண்டு. ஆண்டு வருமானத்தைக் கணக்கிட்டு, சிறிய ஜமீன்களுக்கு அதில் 30 மடங்கு, பெரிய ஜமீன்களுக்குப் படிப்படியாகக் குறைந்து 12.5 மடங்கு என்று சட்டமே விகிதம் வகுத்திருந்தது. ஆகவே, ‘எல்லாம் போயிற்று’ என்று அரண்மனைக் கதைகளில் வரும் புலம்பலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. போனது அதிகாரம். பண்ணை நிலமும் ரொக்கமும் ஓரளவு நின்றன.

என்னை மிகவும் யோசிக்க வைப்பது 45ஆம் பிரிவு. பெரிய ஜமீன்கள் பலவும் பாகம் பிரிக்க முடியாதவை. மூத்த மகனுக்குப் பட்டம், மற்றவர்களுக்கு ஜீவனாம்சம். 1904ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதை உறுதியாக்கி வைத்திருந்தது. தலைமுறை தலைமுறையாக இளையவர்கள் அண்ணன் முன்னால் கைகட்டி நின்றார்கள். ஒழிப்புச் சட்டமோ, பாகம் பிரிக்க முடியாத ஜமீனுக்கான நஷ்டஈட்டைத் தீர்ப்பாயத்தில் கட்டி, கூட்டுக்குடும்பச் சொத்து பிரிவினையானால் எப்படியோ அப்படிப் பட்டத்துக்காரருக்கும் அவர் வழிப் பங்காளிகளுக்கும் பகிரச் சொல்லிவிட்டது. ஜீவனாம்சதாரர்களுக்கும் ஒரு பங்கு ஒதுக்கியது. கடன்காரர்களும் அதே தீர்ப்பாயத்தில் வந்து நின்றார்கள். அதாவது, வயலில் நின்ற குடியானவரைப் பட்டாதாரராக்கிய அதே காகிதம், அரண்மனைக்குள் வாய் பொத்தி வாழ்ந்தவர்களையும் உரிமையோடு பேச வைத்தது. வெளியே நடந்த மாற்றத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். உள்ளே நடந்ததை யாரும் எழுதவில்லை. அப்பனும் பிள்ளையும் எதிரெதிர் வக்கீல் வைத்துக்கொண்டு வாய்தாவுக்கு அலைந்த அந்த ஆண்டுகளில்தான், என்னைக் கேட்டால், நாவலின் உயிர் இருக்கிறது.

இப்போது இலக்கியத்துக்கு வருவோம். ‘பொன்னியின் செல்வன்’ கல்கி இதழில் தொடராக வந்தது 1950 முதல் 1954 வரை. சரியாக அதே ஆண்டுகளில்தான் இங்கே ஜமீன் கணக்குகள் அரசு அலுவலகங்களுக்கு மாட்டுவண்டியில் ஏறின. பக்கத்து ஊர் ராஜா சாதாரணக் குடிமகன் ஆகிக்கொண்டிருந்தபோது, தமிழ் வாசகர்கள் ஆயிரம் ஆண்டு பின்னால் போய்ச் சோழ நாட்டு அரியணைக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். கல்கி செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. கண்முன்னால் உள்ள அரசர்கள் சிறுத்துப் போகும்போது தொலைவில் உள்ள அரசர்கள் பெரிதாகத் தெரிவது இயல்பு. ஆனால் அந்த ஈர்ப்பு அடுத்த அறுபது ஆண்டுகளுக்கு நம் வரலாற்று நாவலின் திசையையே தீர்மானித்துவிட்டது.

அடுத்த வகை பாளையக்காரர் வீரம். 1959இல் மட்டும் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, ‘சிவகங்கைச் சீமை’ என்று இரண்டு படங்கள் வந்தன. இந்தக் கதைகள் எல்லாம் 1799, 1801 என்ற ஆண்டுகளில் முடிந்துவிடும். கம்பெனியை எதிர்த்தவர்கள் தியாகிகளானார்கள். கம்பெனியோடு ஒத்துப்போய் ஜமீன்தாரானவர்களின் நூற்றைம்பது ஆண்டு வாழ்க்கை கதையில்லாமல் போனது. சமூக நாவலிலும் சினிமாவிலும் ஜமீன்தார் திரும்பி வந்தபோது சாட்டையும் முறுக்கு மீசையுமாக வில்லனாகத்தான் வந்தார். கொடுமை செய்த ஜமீன்கள் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வில்லனுக்கு மறுநாள் காலை என்று ஒன்று கிடையாது. படம் முடியும்போது அவர் செத்துப்போவார், அல்லது திருந்திவிடுவார்.

நல்ல நாவல்கள் இந்த இடத்துக்குப் பக்கத்தில் வந்து போயிருக்கின்றன. பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’ அரண்மனை அரசியலைத் துபாஷியின் கண்ணால் காட்டியது. காலம் 18ஆம் நூற்றாண்டு. சு. வெங்கடேசனின் ‘காவல் கோட்டம்’ மதுரையின் அறுநூறு ஆண்டுகளைக் கடந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நின்றுவிடுகிறது. அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ ஒரு சமஸ்தானம் கவிழ்வதை நேரடியாகப் பேசுகிறது. ஆனால் அதன் நாயகன் நிஜாம் அல்ல, செகந்திராபாத்தில் வளரும் தமிழ் இளைஞன். சோ. தர்மனின் ‘கூகை’ கரிசல் காட்டில் நிலமும் அதிகாரமும் கைமாறுவதைக் கீழிருந்து பார்க்கிறது. ஜெயமோகனின் ‘ரப்பர்’ தோட்டப் பணத்தில் எழுந்த ஒரு குடும்பத்தின் சரிவைச் சொல்கிறது. எங்கள் பக்கத்துக்குக் கிடைத்த காவியம் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. வைகை அணைக்கு நிலம் கொடுத்து நடுத்தெருவுக்கு வந்த பேயத்தேவரின் கதை அது. சுதந்திர நாட்டின் அரசிடம் நிலத்தை இழந்த குடியானவருக்கு ஒரு நாவல் கிடைத்துவிட்டது. நியாயம்தான், அவருக்குத்தான் முதலில் கிடைத்திருக்க வேண்டும். அதே அரசிடம் ஆட்சியை இழந்தவரின் கதை அந்த வரிசையில் இன்னும் காலியாக இருக்கும் இடம்.

மற்ற மொழிகள் இதைச் செய்துவிட்டன. வங்காளத்தில் தாராசங்கரின் சிறுகதையை வைத்து சத்யஜித் ராய் 1958இல் எடுத்த ‘ஜல்சாகர்’, கடைசிப் பணத்தையும் கச்சேரிக்குச் செலவழிக்கும் ஜமீன்தாரைக் காட்டியது. லக்னோ தாலுக்தார் குடும்பத்தின் முடிவை அத்தியா ஹுசைன் 1961இல் ஒரு பெண்ணின் பார்வையில் ஆங்கிலத்தில் எழுதினார். கேரளத்தில் அடூர் கோபாலகிருஷ்ணனின் ‘எலிப்பத்தாயம்’ நிலச் சீர்திருத்தத்துக்குப் பின் உறைந்துபோன தறவாட்டுக்காரரை எலிப்பொறிக்குள் பார்த்தது. இவை எல்லாவற்றுக்கும் மேலாக நான் வைப்பது இத்தாலிய எழுத்தாளர் லம்பெதூசாவின் ‘சிறுத்தை’. அவரே சிசிலியில் ஒரு பிரபு. 1957இல் இறந்தார், நாவல் அடுத்த ஆண்டு வந்தது. 1860இல் கரிபால்டியின் படை இறங்கியபின் ஒரு பிரபுவின் வீடு மெல்ல மெல்லக் கரைவதுதான் கதை. அதில் ஒரு கட்டம் உண்டு. புதிய அரசை ஏற்கிறீர்களா என்று ஊரில் ஓட்டெடுப்பு நடக்கிறது. எல்லோரும் ஏற்றார்கள், மறுப்பு ஒன்றுகூட இல்லை என்று மேயர் அறிவிக்கிறார். பிரபுவோடு வேட்டைக்குப் போகும் எளிய மனிதர் ஒருவர் தான் மறுத்து ஓட்டுப் போட்டதையும், அது எண்ணப்படாமல் போனதையும் பிரபுவிடம் சொல்லிக் குமுறுகிறார். புதிய ஆட்சியின் முதல் பொய்யை ஏழை ஒருவன் வாயால் சொல்ல வைத்த அந்தத் துணிச்சல்தான் அதைப் பெரிய நாவலாக்குகிறது. அந்த மேயர் புதுப் பணக்காரர். அவர் மகளைத்தான் பிரபுவின் மருமகன் கட்டிக்கொள்கிறான்.

போடி மலையடிவாரத்தை நான் இந்த நாவலுக்கு ஏற்ற இடம் என்று சொல்வதற்குக் காரணமும் இந்தப் புதுப் பணம்தான். சமவெளி ஜமீன்களில் நிலம் போனால் அதோடு கதை முடிந்தது. இங்கே தலைக்கு மேலே மலை இருந்தது. போடிமெட்டு, தேவாரம்மெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏறினால் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்தின் ஏலமலைக் காடு. இந்தச் சமவெளி ஊர்களிலிருந்து போனவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஏலத்தோட்டம் போட்டார்கள். 1928இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. ஏலமும் காப்பியும் மிளகும் இந்தச் சந்தையில் இறங்கின. சென்னைச் சட்டம் மலையுச்சியோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் வேறு அரசு, வேறு நிலச்சட்டம். 1956இல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களுக்காகத் தமிழர்கள் போராடியும் அவை கேரளத்தோடு போயின. ஆக, கீழே கெஜட் அறிவிப்பால் ஒரு மதிப்பு விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், மேலே ஏலக்காயால் வேறொரு மதிப்பு எழுந்தது. பரம்பரைப் பட்டத்துக்காரருக்கு எதிரில் கமிஷன் கடைக்காரர் நாற்காலி போட்டு உட்காரும் நாள் வந்தது. இன்று போடியின் பெயரை உலகச் சந்தையில் சொல்ல வைப்பது ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் ஏலம்.

அரண்மனை வேறு விதமாக நிற்கிறது. போடி அரண்மனைச் சுவர்களில் உள்ள இராமாயண ஓவியங்கள் தமிழ்நாட்டுச் சுவரோவிய மரபைப் பற்றிப் பேசுபவர்கள் தவறாமல் குறிப்பிடும் ஒன்று. ஓவியக்காரருக்குப் படியளந்தவர் யார், வண்ணம் குழைத்தவர் யார், அவர்கள் பேரப்பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று கேட்டுப் போனால் ஒரு அத்தியாயம் கிடைக்கும். நாகஸ்வரக்காரர், பல்லக்குத் தூக்கிகள், சமையல்காரர், கணக்குப்பிள்ளை, காரியஸ்தர் என்று அரண்மனையை நம்பிய குடும்பங்களுக்கு எந்தச் சட்டத்திலும் நஷ்டஈடு எழுதப்படவில்லை.

தமிழ்நாட்டில் இந்தக் கதையின் முழு உருவமும் ஒரே குடும்பத்தில் தெரிந்தது என்றால் அது சிங்கம்பட்டி. ஜமீன் வாரிசான சிறுவர்களை ஆங்கிலேயர் போல வளர்க்கச் சென்னையில் நியூயிங்டன் ஹவுஸ் என்ற விடுதி இருந்தது. 1919இல் அதன் முதல்வர் டி லா ஹே அங்கேயே சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி இளவரசரும் சிக்கினார். அந்த வழக்குச் செலவில் ஏறிய கடன்தான் ஜமீனை உடைத்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1929இல் ஜமீன் காட்டில் 8,374 ஏக்கர் பாம்பே பர்மா கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்குப் போனது. அதுதான் மாஞ்சோலை. ஜமீன் ஒழிந்தபின் குத்தகை அரசோடு தொடர்ந்தது. சிறுவயதிலேயே சிங்கம்பட்டிக்குப் பட்டம் கட்டப்பட்ட முருகதாஸ் தீர்த்தபதி, பட்டத்துக்குச் சட்டத்தில் இடமில்லாத நாட்டில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 2020 மே மாதம் காலமானார். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையில் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ராஜ உடையில் அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்தார். மக்களும் வந்தார்கள்.

இதில்தான் நம் கதை ரஷ்யக் கதையிலிருந்து முழுவதும் பிரிகிறது. சட்டம் நிலத்தை எடுத்தது. கோயில் மரியாதையை எடுக்கவில்லை. பரிவட்டம் யாருக்கு, முதல் விபூதி யாருக்கு, தேர்வடத்தை முதலில் தொடுவது யார் என்ற கேள்விகள் 1949க்குப் பிறகுதான் கூர்மையாயின. கிஸ்தி கேட்க முடியாதவருக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம் அது. பட்டா வாங்கிய குடியானவருக்கும் அடுத்து வேண்டியது அதுதான். பரம்பரை அறங்காவலர் பதவியைச் சுற்றி எத்தனை ஊர்களில் வழக்கு நடந்தது என்பது கிராமத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். டவுல்ஸின் பிரபு நல்ல ஒயினைத் தெரிந்துகொள்வதில் தன் மானத்தைக் காத்தார். நம் பிரபு திருநீற்றுத் தட்டு எந்தப் பக்கம் முதலில் திரும்புகிறது என்பதில் காத்தார்.

ஆனாலும் இந்த நாவல் அரண்மனையின் சோகத்தோடு நின்றால் அது பொய்யாகிவிடும். 1948ஆம் ஆண்டுச் சட்டம் உழுத குடிக்குப் பட்டா கொடுத்தது. அந்தக் குடியானவரின் வயலில் கூலிக்கு நின்றவருக்கு அது ஒன்றும் கொடுக்கவில்லை. 1961ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டம் குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது. 1970இல் அது 15 ஆனது. அதிலும் நிலமற்றவர்களுக்குக் கிடைத்தது குறைவு. நிலமற்றவர்களின் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்று ராசிங்காபுரத்திலும் சிலமலையிலும் கேட்டால் கையை மலைப் பக்கம் காட்டுவார்கள். விடியும் முன் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வளைவுகளைக் கடந்து, ஏலத்தோட்டத்தில் குனிந்து பழம் எடுத்துவிட்டு இருட்டிய பிறகு இறங்கும் பெண்கள் அவர்கள். ஜமீன் போய்ப் பட்டாதாரர் வந்தார், பட்டாதாரர் பக்கத்தில் தோட்ட முதலாளி வந்தார். இந்தப் பெண்கள் குனிந்தது குனிந்தபடியே இருக்கிறது. அரண்மனைக் கிழவர் ஒரு அத்தியாயத்தில் பேசினால் அடுத்த அத்தியாயத்தில் இவர்களில் ஒருத்தி பேச வேண்டும். இருவரையும் ஒரே நூலில் சேர்க்கத் தெரிந்தவரே இந்த நாவலை எழுதத் தகுந்தவர்.

அதற்கான சான்றுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. செட்டில்மெண்ட் ஆவணங்கள் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் மாவட்ட அலுவலகங்களிலும் தேடுவாரின்றிக் கிடக்கும். மனித நினைவு காத்திருக்காது. ஜமீன் ஒழிந்தபோது பத்து வயதாக இருந்தவர்களுக்கு இன்று எண்பத்தைந்துக்கு மேல். உங்கள் வீட்டுப் பரணில் பழைய கிஸ்தி ரசீதோ, ஜமீன் முத்திரை விழுந்த குத்தகைச் சீட்டோ இருந்தால் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். அதைப் படித்துச் சொல்லக்கூடிய பெரியவர் வீட்டில் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் பதிவு செய்யுங்கள். கொடுத்தவர் வீட்டிலும் கேளுங்கள், வாங்கியவர் வீட்டிலும் கேளுங்கள்.